எழுத்து முடிந்தவள்

ஒருவனை ரத்தம் வர அடித்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வாயில் கை வைத்துக்கொண்டு "ஐயோ, நீயோ?" என்று கேட்க வேண்டாம். தேங்காய் துருவுகிற திருவலையால் அடித்தேன். பழைய காலத்துப் பலகைத் திருவலை, நல்ல பாரம். இரும்புப் பல் இருக்கிற பக்கம் அவன் தோளில் இறங்கியது. அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை. வருந்தச் சொன்னவர்கள் பலர். என் சிநேகிதியிடம் யாராவது போய் வருத்தம் சொன்னீர்களா என்று திருப்பிக் கேட்டால் உடனே கதையை மாற்றிவிடுவார்கள்.

நாங்கள் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். மன்னார் நகரத்தில் ஒரு வீட்டில் நானும் அவளும் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். இருவருக்கும் இருபத்திரண்டு வயது. அவள் தலைமன்னார்ப் பெட்டை. தகப்பனுக்குக் கடல் தொழில்; கோயில், பூசை, செபமாலை என்று இருக்கிற குடும்பம். நான் முருங்கன் பக்கம். என் அம்மாவின் ஆட்களும் அப்பாவின் ஆட்களும் கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து, அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்று பிழைத்தவர்கள். எங்களைத் "தோட்டக்காட்டார்" என்று சொன்ன ஒருத்தியின் பல்லைப் பள்ளிக்கூடத்திலேயே நான் ஆட்டிவிட்டிருக்கிறேன். என் சிநேகிதி அப்படியில்லை. காலில் எறும்பு கடித்தால் அதை நசுக்காமல் ஊதிவிடுகிற ஆள்.

அடி வாங்கிய அவன் எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவன், அதே கல்லூரி, அவளுடைய ஊர். நன்றாகப் பாடுவான், எல்லோருக்கும் உதவுவான், விரிவுரையாளர்களுக்குச் செல்லப்பிள்ளை. அவள் அவனை விரும்பினாள். அதை நான் மறைக்கப் போவதில்லை. பிற்பாடு ஊரே அதைத்தானே பிடித்துத் தொங்கியது, "விரும்பினவள்தானே, விரும்பினவள்தானே" என்று. இருவரையும் தலைமன்னார் பழைய இறங்குதுறையில் அவளுடைய அண்ணன் கண்டுவிட்டான். அன்றைக்கு அவளுக்குக் கன்னம் வீங்க இரண்டு அறை. அடுத்த மாதமே இரண்டு வீட்டாரும் கூடி எழுத்தை வைத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் இரண்டு தரம் நடக்கும். முதலில் எழுத்து. பதிவாளர் வீட்டுக்கு வருவார், பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்து வைப்பார்கள், கேக் வெட்டிப் படம் எடுப்பார்கள். அரசாங்கத்துக்கு அன்றோடு அவர்கள் புருசன் பெண்சாதி. ஆனால் கோயிலில் தாலி கட்டும்வரை பெண் தன் வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். அந்த இடைவெளி சில மாதமாகவும் இருக்கும், சில வருடமாகவும் இருக்கும். காதலித்து ஊர் வாயில் விழுந்த பிள்ளைகளுக்கு அவசரமாக எழுத்தை வைப்பது ஊர் வாயை அடைக்கத்தான். எழுத்து முடிந்தால் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போகலாம், திருவிழாவுக்குச் சேர்ந்து போகலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். அவளும் சந்தோசமாகத்தான் கையெழுத்து வைத்தாள். ஆனால் அவனிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "தாலி கட்டினாப் பிறகுதான். அதுவரைக்கும் என்னைக் கேக்காதை." அவன் தலையாட்டியதாகச் சொல்லி எனக்கு முன்னால் பெருமைப்பட்டாள். "பாத்தியே, எவ்வளவு நல்லவன்" என்றாள்.

சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் எறிகிற ஒரு நாள். விரிவுரையாளர் வரவில்லை என்று மத்தியானமே வகுப்பை விட்டுவிட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல், அறையில்தான் கிடந்தாள். நான் வீட்டுக்கு வந்தால் அவனுடைய மோட்டார் சைக்கிள் கேற்றுக்கு உள்ளே நிற்கிறது. வீட்டுக்காரி, நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிற மனிசி, தன் தம்பியைக்கூட எங்கள் அறைப் பக்கம் விட மாட்டாள். அப்படிப்பட்ட வீட்டில் இவன் எப்படி உள்ளே என்று யோசித்துக்கொண்டே விறாந்தையில் ஏறினேன். கதிரைக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்த கிளாஸ். அன்ரி இல்லை. அடுத்த தெருவில் செத்தவீடு, அங்கே போயிருந்தாள்.

அப்போதுதான் அவளுடைய சத்தம் கேட்டது. "வேண்டாம். கும்பிட்டன், விடு" என்றாள். அந்தக் குரலை நான் எழுத மாட்டேன். எழுத வராது.

கதவு உள்ளே கொண்டி போட்டிருந்தது. தட்டினேன், உதைத்தேன், கத்தினேன். குசினிக்குள் ஓடினேன், கையில் அகப்பட்டது திருவலை. அதைத் தூக்கி வந்து கதவை இடித்தேன். மூன்றோ நாலோ இடியில் கொண்டி பிய்ந்தது. உள்ளே போகும்போது நான் பிந்திவிட்டேன். அவளுடைய கீழுதடு பிளந்து ரத்தம் நாடியால் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கையில் மணிக்கட்டைச் சுற்றி விரல்கள் பதிந்த அடையாளம். சுவரோடு ஒட்டிப் போர்வையைப் பற்களால் கடித்துப் பிடித்திருந்தாள். அவன் சேர்ட்டுத் தெறியைப் பூட்டிக்கொண்டு நின்றான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவன் மாதிரி.

"வெளியிலை போ. எங்கடை விசயம் இது" என்றான் என்னிடம்.

நான் போட்டேன் ஒரு போடு. அவன் கீழே விழுந்தான். இன்னொன்று போட ஓங்கும்போது அவன் என் காலைப் பிடித்து இழுத்தான், நானும் விழுந்தேன், என் தலை கட்டில் காலில் மோதியது. அவன் மேலே ஏறி என் தொண்டையை நெரித்தான். கையைக் கடித்தேன், முகத்தைப் பிறாண்டினேன். அவன் எழுந்து தோளைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடும்போது, வாசலில் நின்று திரும்பிச் சொன்னான்: "எழுத்து முடிஞ்சது. அவள் என்ரை பெஞ்சாதி. போ, பொலிசுக்குப் போய்ச் சொல்லிப் பாரன்."

அன்ரி வந்தாள். தரையில் ரத்தம், உடைந்த கதவு, நாங்கள் இருவர். முதலில் கதவைத்தான் பார்த்தாள்.

"ஐயோ, என்ரை மாதாவே! இதென்ன கோதாரி பிள்ளை?"

"நீங்கள் எப்பிடி அவனை உள்ளை விட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"எழுத்து முடிஞ்ச பொடியன். காய்ச்சலாக் கிடக்கிற பெஞ்சாதியைப் பாக்க வந்தவனை வெய்யிலிலை நிக்க வைக்கிறதே? நான்தான் தேத்தண்ணி போட்டுக் குடுத்து, போய்ப் பாரும் தம்பி எண்டு சொன்னனான்."

அன்ரி கெட்டவள் இல்லை. எனக்குப் புரிந்துகொள்ளக் கஷ்டமாக இருந்தது அதுதான். அவளுடைய கணக்கில் அவள் மரியாதையாகத்தான் நடந்திருக்கிறாள். என் சிநேகிதிக்கு வாயைக் கழுவி, மஞ்சள் பூசி, தலையைத் தடவி, கண்ணீர் விட்டாள். விட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆரிட்டையும் சொல்லாதேங்கோ பிள்ளையள். முள்ளிலை சேலை விழுந்தாலும் சேலையிலை முள்ளு விழுந்தாலும் சேலைக்குத்தான் சேதம்."

"அப்ப முள்ளை வெட்டுங்கோவன் அன்ரி!" என்று கத்தினேன். "எந்த நாளும் சேலையையே மடிச்சு மடிச்சு வைக்கிறியள்!"

ஆஸ்பத்திரியில் உதட்டுக்குத் தையல் போட்டார்கள். அங்கிருந்து பொலிசுக்குப் போனோம். பெண்களுக்கென்று இருக்கிற மேசையில் சிங்களப் பொலிஸ்காரி ஒருத்தி. தமிழை உடைத்து உடைத்துப் பேசினாலும் பொறுமையாகக் கேட்டாள். அவள் எல்லாம் சொன்னாள், என் சிநேகிதி. அடி உதைக்குப் பிறகு ஒரு பெண் அதை இன்னொரு முறை வாயால் சொல்வது எப்படியிருக்கும் என்று அருகில் இருந்து பார்த்தவள் நான். மேசை விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. கடைசியில் பொலிஸ்காரி கேட்டாள், "தங்கச்சி, கலியாணம் பதிஞ்சதுதானே?"

"ஓம்."

"அப்ப அவர் உங்கட மஹத்தயாதானே. அடிச்சதுக்கு எழுதலாம். வழக்குப் போட்டுக் கோட்டில பாதுகாப்புக் கேக்கலாம். மத்ததுக்கு, கோடு பிரிச்சு வைக்காத வரைக்கும், புருசன் எண்டா சட்டம் இல்ல." பேனாவைக் கீழே வைத்தாள். "நான் செய்த சட்டம் இல்ல தங்கச்சி" என்றும் சொன்னாள்.

அதைவிடப் பகிடி என்னவென்றால், எங்களுக்கு முதலே அவன் வந்து என் மேல் முறைப்பாடு கொடுத்துவிட்டுப் போயிருந்தான். திருவலையால் அடித்த காயத்துக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. என்னிடம் ஒரு பக்கம் முழுக்க வாக்குமூலம் எடுத்தார்கள். அவளுடையது அரைப் பக்கம்.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். அம்மா இன்னும் தோட்டத்துத் தமிழ்தான். "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுன்னு ஒனக்கு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்? ஊரான் வீட்டு விவகாரத்துல எதுக்குடி தலைய குடுக்குற?" என்று திட்டித் தீர்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "எங்க அடிச்ச?"

"தோளில."

"மண்டையில போட்டிருக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சிநேகிதியை அவளுடைய ஊருக்குக் கூட்டிப்போனேன். தலைமன்னார் பஸ்ஸில் அவள் உதட்டுத் தையலைக் கையால் பொத்திக்கொண்டே வந்தாள். வீட்டில் செய்தி எங்களுக்கு முதலே போய்ச் சேர்ந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் அண்ணன் நைலோன் கயிற்றை எடுத்தான். படகு கட்டுகிற கயிறு, உப்புத்தண்ணியில் ஊறி விறைத்தது. முதுகில் அடித்தான், தொடையில் அடித்தான், அவள் கையைக் குறுக்கே வைக்கக் கையில் அடித்தான். "எழுத்து முடிஞ்சவனைப் பொலிசிலை குடுக்கிறியோ? இனி உன்னை எந்த நாய் கட்டும்?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. தகப்பன் கதிரையில் இருந்தார். "போதும்" என்று ஒருமுறை சொன்னார், அண்ணனின் கை களைத்த பிறகு. தாய் குசினி வாசலில் நின்றாள். அந்த மனிசி அழவில்லை, தடுக்கவில்லை. மகன் போன பிறகு உப்பை வறுத்துத் துணியில் கட்டி வந்து, மகளின் முதுகில் ஒத்தடம் கொடுத்தாள். அவ்வளவுதான்.

நான் சும்மா நின்றேனா? கயிற்றைப் பிடித்து இழுத்தேன். என் கழுத்துப் பட்டியில் பிடித்து வெளியே தள்ளினான். என் பையைப் பின்னால் எறிந்தான். "தோட்டக்காட்டாள் எங்கடை வீட்டுக் கதையிலை வாய் வைக்கிறாள்" என்றான். மணலில் கிடந்த உடுப்புகளைப் பொறுக்கும்போது தகப்பன் உள்ளே சொல்வது கேட்டது. கோயில் கலியாணத்தைக் கெதியாய் வைத்துவிட வேண்டும். தாலி ஏறினால் எல்லாம் அடங்கிவிடும். ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய போனையும் பறித்துவிட்டார்கள்.

கல்லூரியில் என் நிலைமை என்னவென்று நினைக்கிறீர்கள்? அவன் தோளில் கட்டோடு வந்தான், ஆட்கள் கதவு திறந்துவிட்டார்கள். நான் வந்தால் பொடியன்கள் தலையைப் பொத்திக்கொண்டு "திருவலை வருது, திருவலை வருது" என்று ஓடுவார்கள். பெட்டைகள் என்ன குறைச்சலா? "எழுத்துக்குப் பிறகு அப்பிடி இப்பிடி இருக்கும்தானே, இவள் ஏன் நடுவிலை?" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அவளுக்கும் எழுத்து முடிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து, கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்து மண்டபத்தில் கருத்தரங்கு நடத்தினாள். பாலியல் சம்மதம் பற்றி. எங்கள் கதைக்காக வைத்ததில்லை, முதலே போட்டிருந்த ஏற்பாடு. மண்டபம் நிறைந்தது. பின்வரிசையில் இடித்துக்கொண்டு சிரிப்பு. அந்தப் பெண் நிதானமாகப் பேசினாள். பயமில்லாமல், விருப்பத்தோடு சொல்வதுதான் சம்மதம். நேற்றுச் சம்மதித்தவள் இன்று மறுக்கலாம். பேசாமல் இருப்பது சம்மதமாகாது.

நடுவிலிருந்து கை உயர்ந்தது. அவன்தான். எழுந்து நின்று, நல்ல பிள்ளையாகக் கேட்டான்: "மிஸ், எழுத்து முடிஞ்சாலும் கேக்கோணுமோ?"

மண்டபம் சிரித்தது. நான் அவனுடைய முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"ஓம், கேட்கத்தான் வேணும்" என்றாள் அந்தப் பெண்.

"சட்டத்திலை அப்பிடி இல்லையே மிஸ்?" என்றான் இன்னொருவன், பொலிஸ்காரரின் மகன்.

அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பினாள். "சட்டத்தில இன்னும் இல்லை. அது பிழையான சட்டம்" என்றாள். சட்டத்தில் இல்லை என்ற பாதியைக் கேட்டதும் பின்வரிசை கை தட்டியது. மற்றப் பாதி அதில் அமுங்கிப் போனது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெட்டை, எங்கள் வகுப்பில் எப்போதும் முதலில் சிரிக்கிறவள், அன்று சிரிக்கவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் விட்ட பிறகு பார்த்தேன், நகம் பதிந்து தோல் உரிந்திருந்தது.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் அவன் என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. சத்தியமாகக் கலங்கியிருந்தது.

"நான் என்ன பிழை செய்தனான் எண்டு நீயாவது சொல்லு. நான் வேறை பெட்டையிட்டைப் போனனானோ? ஏமாத்தினனானோ? அவளைத்தானே கட்டப் போறன்?"

"அவள் வேண்டாம் எண்டு சொன்னவளோ இல்லையோ?"

"சொன்னவள்."

"பிறகு?"

"எல்லாப் பெட்டையளும் அப்பிடித்தானே சொல்லுவினம். ஓம் எண்டு உடனை சொன்னா என்ன பெட்டை அது?"

ஆத்திரம் தலைக்கேறியது, ஆனால் அவன் எங்கிருந்து பேசுகிறான் என்றும் தெரிந்தது. பந்தியில் "காணும், போதும்" என்று கையால் சாப்பாட்டை மறைக்க மறைக்க விரலிடுக்கால் சோற்றைப் போடுகிற ஊர் எங்களுடையது. காணும் என்று சொன்னவளுக்குப் போடாமல் விட்டால் அது அவமரியாதை. பெண் கேட்டு வந்தால் பெட்டை தலையைக் குனிய வேண்டும், "உங்கடை விருப்பம்" என்று சொல்ல வேண்டும். ஓம் என்கிற சொல்லைப் பெட்டைகளின் வாயிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டு, பிறகு வேண்டாம் என்கிற சொல்லையும் யாரும் நம்புவதில்லை. இவ்வளவும் விளங்கியது. விளங்கினால் ஆறிவிடுமா? "அவளின்ரை உதடு கிழிஞ்சதும் வெக்கத்திலையோ?" என்று கேட்டு, தையல் போட்டிருந்த அதே தோளில் குத்தினேன். அவன் அலறிக்கொண்டு குழாயடியில் குந்திவிட்டான். என்னை ஒரு மாதம் வகுப்புக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள்.

கோயிலில் கலியாணம் நடக்க முதல், மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவித்தல் வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்யப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்க வேண்டும் என்று. நான் கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை, கும்பிடுகிற சாமியும் வேறு. ஆனால் அவளைக் காண வேறு வழி இருக்கவில்லை. வகுப்பும் இல்லை, நேரத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறித் தலைமன்னாருக்குப் போய், தலையில் சால்வையைப் போட்டுப் பெண்கள் பக்கம் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். அவள் முன்னுக்கு, தாய்க்கும் ஒரு மாமிக்கும் நடுவில் இருப்பாள். முதல் கிழமை அறிவித்தல் வாசித்தபோது அவளுடைய தலை அசையவில்லை. இரண்டாம் கிழமை பூசை முடிந்து போகும்போது என்னைக் கண்டாள். அண்ணன் குறுக்கே வந்தான். அவள் மெலிந்து, தோள் எலும்பு தெரிந்தது. மூன்றாவதும் வாசித்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை தாலி.

மூன்றாம் கிழமை. பாதர் வாசித்து முடித்துக் கடதாசியை மடித்தார். எல்லோரும் எழும்பப் போகிற நேரம். அவள் தனியே எழுந்தாள்.

"பாதர், தடை இருக்கு."

சத்தம் பெரிதில்லை. ஆனால் கோயில் அடங்கிப் போயிற்று. மாமி அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அவள் தட்டிவிட்டாள்.

"எனக்குச் சம்மதம் இல்லை. நான் கும்பிட்டுக் கேக்கக் கேக்க என்னை அடிச்சுப் போட்டு, என்னைப் பலவந்தப்படுத்தினவன். இந்தாங்கோ, இது அவன் கிழிச்ச உதடு." விரலால் உதட்டைக் காட்டினாள். "எழுத்து முடிஞ்சதெண்டு எல்லாரும் சொல்லுறீங்கள். என்னை ஆரும் ஒருக்காலும் கேக்கேல்லை. நீங்கள்தான் பாதர் தடை இருக்கோ எண்டு கேட்டனீங்கள். இருக்கு."

ஆண்கள் பக்கத்திலிருந்து அண்ணன் வாங்கைத் தாண்டிப் பாய்ந்தான். அவளுடைய பின்னலைக் கையில் சுற்றி இழுத்தான். அவள் நிலத்தில் விழ, நடுப்பாதையால் இழுத்துக்கொண்டு வந்தான். அவளுடைய முழங்கால் சீமெந்தில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பாதர் "விடு, கோயில் இது, விடு!" என்று கத்தினார். நான் வாங்குகளுக்கு மேலால் ஏறினேன், யாரோ என் சால்வையைப் பிடித்தார்கள், சால்வையை அவர்களிடமே விட்டுவிட்டுப் போனேன். ஆனால் எனக்கு முதல் அங்கே போய்ச் சேர்ந்தவள் தாய்.

மகனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்து, பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதையில் பல்லை வைத்தாள். அவன் ஊளையிட்டான். மற்றக் கையால் தாயின் முகத்தில் குத்தினான். அவள் விடவில்லை. ரத்தம் அவளுடைய வெள்ளைச் சேலையில் சொட்டியது. அவன் பின்னலை விட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். துப்பினாள்.

"அவளை ஆராவது கேட்டனீங்களோ?" என்றாள். மூச்சு வாங்கியது. பிறகு ஆண்கள் பக்கம் திரும்பி, தன் புருசனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "என்னை ஆராவது கேட்டதோ? இவரைக் கேளுங்கோ. கட்டின அண்டைக்கு ராத்திரி நான் என்ன செய்தனான் எண்டு இந்த மனிசனைக் கேளுங்கோ!"

எல்லாத் தலைகளும் திரும்பின. அவருக்கு இரண்டு வாங்கு பின்னால் மாப்பிள்ளை இருந்தான், அவனும் பார்த்தான். தகப்பன் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. முன்வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அழுதவள்" என்றார். "நான் வெக்கம் எண்டு நினைச்சனான்."

தாய் மகளைத் தூக்கி நிறுத்தி, சேலைத் தலைப்பால் அவளுடைய முழங்காலைத் துடைத்தாள். "வா" என்று சொல்லிக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். நான் பின்னால் போனேன். மூன்று பேரும் மன்னார் பஸ்ஸில் ஏறினோம்.

தாலி நடக்கவில்லை. ஆனால் சட்டத்துக்கு அவள் இன்னும் அவனுடைய பெண்சாதிதான். விவாகரத்து வழக்கு தவணை தவணையாக இழுபடுகிறது, அவனும் விடுகிறான் இல்லை. அவள் நகரத்தில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். தாய் தலைமன்னாருக்குத் திரும்பிப் போகவில்லை. இரண்டு பேரும் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள், நானும் கிழமை முடிவில் போய் வருவேன்.

சனிக்கிழமைகளில் தகப்பன் மீனோடு வருவார். உள்ளே வருவதில்லை. வேலிப் படலைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, தன் பெண்சாதியிடம் கேட்பார்: "வரலாமோ?" நாற்பது வருடம் அவளோடு குடும்பம் நடத்தின மனிசன் அது. அவள் சில நாள் ஓம் என்பாள், வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். சில நாள் இல்லை என்பாள். போன சனிக்கிழமை இல்லை என்றாள். அவர் மீன் பையைப் படலையில் கொழுவிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.